பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

“முதல் பேஸ்ல நிக்க நாலு பேரு வெச்சிருக்கீங்க. மூணாவது பேஸ்ல நிக்க ஒருத்தன்கூட இல்ல. அங்க வர்ற பந்தை யாரு பிடிக்கிறது, போப்பாண்டவரா?”

வெண்டல் பியட்ராஸ் எழுந்து நின்று இப்படிக் கேட்டதும் மைதானத்துச் சாப்பாட்டுக் கூடமே கைதட்டியது.

டொலீடோ ஹெரன்ஸ் பேஸ்பால் அணி அந்த ஆண்டு நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் ஆடி நூற்றுப் பதினெட்டில் தோற்றிருந்தது. சீசன் முடிந்ததும் வருடாந்தர டிக்கெட்காரர்களைக் கூப்பிட்டு, காப்பியும் டோனட்டும் கொடுத்துத் தாஜா பண்ணுவது அணி நிர்வாகத்தின் வழக்கம். வந்தவர்கள் காப்பியையும் குடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வெண்டலின் சட்டைப்பையில் அடுத்த ஆண்டுக்கான இருக்கைப் படிவம் இருந்தது. முப்பத்தொரு வருடமாக ஒரே இருக்கை. கையெழுத்துப் போடுவதா, கிழித்துப் போடுவதா என்று இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால் இருக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை.

மேடையில் நின்றவன் பிரெஸ்டன் ஹேல். அணிக்கு ஆள் எடுப்பது, விற்பது, மாற்றுவது எல்லாம் அவன்தான். கையில் செல்போனை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாமே எதிர்காலத்தை மனசுல வெச்சுப் பண்றதுதான் சார்,” என்றான்.

“எதிர்காலமா? ஆறு வருஷமா இதையே சொல்றே. நான் ரெண்டு முட்டியையும் மாத்திட்டேன், உன்னால பந்து எறியற ஒரு பிட்சரை மாத்த முடியல,” என்றார் டோட்டி.

டோட்டி, வெண்டலின் பக்கத்து இருக்கைக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. இப்படிப்பட்ட அணியின் ரசிகர் என்று நாலு பேருக்குத் தெரியக் கூடாதென்று, பாதிக் கூட்டத்தைப் போல அவரும் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்திருந்தார். வாய்க்கு வெட்டிய ஓட்டை வழியாக மூன்றாவது டோனட் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும். ரூபன் அல்கண்டாராவை ஏன் கொடுத்தே? அதைச் சொல்லு,” என்றார் வெண்டல்.

போன வருடம் நாற்பத்தோரு ஹோம் ரன் அடித்தவன் அல்கண்டாரா. உருப்படியாக இருந்த ஒரே ஆள். ஏப்ரல் மாதம் ஹேல் அவனைத் தூக்கி ஒமாஹா அணிக்குக் கொடுத்துவிட்டான்.

“சும்மா கொடுக்கல சார். பதிலுக்கு ஒரு வீரரை வாங்கியிருக்கோம்.”

“யாரு?”

“பெயர் பின்னர் அறிவிக்கப்படும்.”

கூடம் கொதித்தது. பேஸ்பாலில் இது புதிதல்ல. ஆளை இப்போது கொடுத்துவிட்டு, பதிலுக்கு வருகிறவன் இன்னான் என்று அப்புறம் சொல்வதுண்டு. ஆனால் அதற்கும் ஆறு மாதம்தான் கெடு. அந்தக் கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

“பேரு வேணாம். ஆளு எப்படி, அதையாவது சொல்லு,” என்றார் வெண்டல்.

ஹேலின் முகம் மலர்ந்தது. “படத்தைப் பார்த்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் சார். என்ன தோளு! அப்படி ஒரு தோளை நான் பார்த்ததே இல்ல.”

“காயம் கீயம் உண்டா?”

“இதுவரைக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்ல.”

“திமிர் பிடிச்சவனா இருப்பான்,” என்றார் டோட்டி.

“சேச்சே! யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லம்மா.”

“குடி?”

“பாலைத் தவிர எதையும் தொட மாட்டான்.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!” என்று டோட்டி பைக்குள்ளிருந்து உருகினார்.

வெண்டலின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கொஞ்சம் ஆசை காட்டினால் போதும், உடனே நம்பிவிடுவார். முப்பத்தொரு வருடமாக இதே கூத்துதான்.

“இங்க பாரு ஹேல். அஞ்சு மணிக்குள்ள பேரைச் சொல்லு, கையெழுத்துப் போடறேன். சொல்லலேன்னா இதைக் கிழிச்சுப் போட்டுட்டு நான் பாட்டுக்கு மீன் பிடிக்கப் போயிடுவேன்.”

அதே நேரம் ஹேலின் செல்போன் அலறியது. பாய்ந்து எடுத்தான்.

“முடிவாயிடுச்சா? இல்லையா? சார், இங்க என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க! சரி... சரி...”

போனை வைத்தபோது அவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

“இன்னும் பேரு முடிவாகலையாம்.”

“யாருய்யா முடிவு பண்ணணும்? ஒமாஹாக்காரனா?”

“இல்ல சார், பையனோட அப்பா அம்மா.” ஹேல் டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “நான் ஏப்ரல்ல பார்த்தது ஸ்கேன் படம். அவன் பொறந்ததே போன வியாழக்கிழமைதான்.”

டோட்டி தலையிலிருந்த பையைக் கழற்றினார். வெண்டல் படிவத்தை எடுத்து, கிழிப்பதற்கு வாகாக இரண்டு கையாலும் பிடித்தார். கிழிக்கவில்லை.

“எந்தக் கை விரலைச் சூப்பறான்?”

“இடது கை, சார்.”

“இடது கை பிட்சர்! தேடினாலும் கிடைக்க மாட்டானே!” என்று முணுமுணுத்த வெண்டல், டோட்டியிடம் பேனா கேட்டார்.