வேப்பிலை கட்டிய வீடு

"அது அம்மை இல்லடி. கொரோனாவ மறைக்கிறாக."

கனகலட்சுமி மகள்கிட்ட இதைச் சொன்னது அவுக வீட்டுல பேசுற சௌராஷ்டிர பாஷையில. செல்லூர்ல ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒத்தச் சுவரு. தமிழ்ல பேசுனா பக்கத்து வீட்டு பாண்டீஸ்வரி காதுல விழுந்துரும்.

தீபாவளி முடிஞ்ச கையோட பாண்டீஸ்வரி வீட்டு வாசல்ல வேப்பிலை ஏறிருச்சு. அம்மை கண்ட வீடுன்னு தெருவே ஒதுங்கிப் போச்சு. கேபிள்காரர்கூட படி மிதிக்கல. அம்மை வீட்டுல தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது. அதனால கனகலட்சுமி மூக்குக்கும் வேலையத்துப் போச்சு. முன்னெல்லாம் அவ மூக்குக்குத் தப்பி அந்த வீட்டுல ஒரு கொழம்பு கொதிச்சதில்ல.

ஆத்தா வந்திருக்கா, பத்து நாள்ல தலைக்குத் தண்ணி ஊத்தி வேப்பிலைய இறக்கிருவாகன்னு அவளும் பொறுத்துப் பாத்தா. கார்த்திகை பொறந்தும் வேப்பிலை இறங்கல. காய்ஞ்சா புதுக்கொத்து ஏறுது.

"மழை பேயிற மாசத்துல எங்கயாச்சும் அம்மை போடுமா? அது பங்குனி, சித்திரையில வாரது."

"அதுக்கு நீ ஏம்மா இம்புட்டு பயப்படுற?" ரம்யாஸ்ரீ கேட்டா. அவளுக்கு இது எட்டாவது மாசம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கா.

ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? போன அலையில இதே தெருவுல ஒரு பிள்ளைத்தாச்சி தன் கால்ல நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனா. திரும்பி வரல. கனகலட்சுமி மகளோட பாய இந்தப் பக்கம் இழுத்துப் போட்டா.

"நீ அந்தச் சுவத்துப் பக்கம் படுக்காத," அப்படின்னா.

மறுநாள் காலையில சுவத்துக்கு அந்தப் பக்கம் பாண்டீஸ்வரி புருசன் அருண்பாண்டி இருமுறது கேட்டுச்சு. கனகலட்சுமி காபிய வச்சுட்டு, கேட்டியாங்கிற மாதிரி மகளப் பாத்தா.

"அருண்பாண்டி அண்ணன் தறி ஓட்டுறவர்மா. பஞ்சுத் தூசிக்கு இருமத்தான் செய்வார்."

"நூல் விலை ஏறி அவன் தறிதான் நின்னு போச்சே. அப்புறம் ஏதுடி தூசி?"



இன்னொன்னும் கனகலட்சுமிக்கு உறுத்துச்சு. தீபாவளிக்கு ஒரு கிண்ணம் நெறையப் புளியோதரை குடுத்துவிட்டிருந்தா. வெறும் பாத்திரத்தத் திருப்புற பழக்கம் ரெண்டு வீட்டுலயும் கிடையாது. பாண்டீஸ்வரி மறுநாளே அதுல வறுவலோ கூட்டோ வச்சுக் குடுத்துருவா. இந்தத் தடவை கிண்ணம் வரவே இல்ல.

"நல்லவேளை, வரல. அதை இனி யாரு தொடுறது?" அப்படின்னு மகள்கிட்ட சொன்னா.

அன்னிக்கு ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கிட்டு வந்து, ஊசி போடாதவுகள கடை கண்ணிக்குள்ள விட மாட்டாகன்னு சொல்லிட்டுப் போச்சு. பின்னாலேயே வீடு வீடா ஊசி போடுற நர்சம்மா வந்தாக. வேப்பிலையப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டு அடுத்த வீட்டுக்கு நகரப் பாத்தாக.

கனகலட்சுமி முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிவந்து மறிச்சா.

"சிஸ்டர், அங்க அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. ஊசிக்குப் பயந்து கட்டுன வேப்பிலை அது. உள்ள காய்ச்சலோ என்னமோ, இருமுறாக. எம்மக வாயும் வயிறுமா இருக்கா. போய்ப் பாருங்க."

"மகளுக்கு ஊசி போட்டாச்சாம்மா?"

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அவளுக்கு எப்படி..."

"பிள்ளைத்தாச்சிக்கும் போடலாம்னு சொல்லி எம்புட்டு மாசமாச்சு?"

"அதை அப்புறம் பாப்போம். மொதல்ல அங்க கேளுங்க. மடியில கனமில்லேன்னா வெளிய வரட்டும்."

நர்சம்மா குரல் குடுத்தாக. பாண்டீஸ்வரி கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்னா. அவளப் பாத்ததும் கனகலட்சுமி பின்னால நகந்துக்கிட்டா.

"யாருக்கும்மா அம்மை?"

பாண்டீஸ்வரி செல்போன எடுத்து நீட்டினா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரெண்டு ஊசியும் போட்ட சர்ட்டிபிகேட்டு அதுல இருந்துச்சு.

"ஆவணியிலேயே போட்டு முடிச்சுட்டோம் சிஸ்டர். அவரு இருமல் பல வருசத்துத் தறித் தூசி."

நர்சம்மா அருண்பாண்டியையும் வெளிய கூப்பிட்டு, ரெண்டு பேரு நெத்தியிலயும் காய்ச்சல் மிஷின வச்சுப் பாத்தாக. காய்ச்சலும் இல்ல. கைகால்ல ஒரு கொப்புளமும் இல்ல.

"அப்புறம் எதுக்கும்மா வேப்பிலை?"

பாண்டீஸ்வரி தலையக் குனிஞ்சுக்கிட்டா.

"சொல்லுடி," கனகலட்சுமி ஒரு எட்டு முன்னால வந்தா. "பல நாளா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. எம்மகள நெனச்சுத் தெனமும் செத்துப் பொழைக்கிறேன். எங்கள எதுக்குடி இப்படிப் பயமுறுத்துன?"

பாண்டீஸ்வரி உள்ள போனா. திரும்பி வரும்போது கையில அந்தப் புளியோதரைக் கிண்ணம். கழுவித் தொடச்சு வச்சிருந்தா.

"தறி நின்னதுலருந்து ரேசன் அரிசிக் கஞ்சிதான்க்கா. எண்ணெய் விக்கிற விலைக்கு எங்கிட்டுத் தாளிக்க? வாசம் வரலேன்னா என்ன சமையல்னு நீங்க கேப்பீக. அம்மை வீட்டுல யாரும் கேக்க மாட்டாகள்ல."

கிண்ணத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாளே தவிர, நீட்டல.

"உங்க கிண்ணத்த வெறுங்கிண்ணமா எப்படிக்கா திருப்பிக் குடுக்கிறது?"