பாதி பிளேடு

சந்திரகலாவின் முந்தானை முடிச்சுக்குள் பாதி பிளேடு இருந்தது. நூலக மேசைக்கு முன்னால் நின்றபோது அது இடுப்பை உறுத்தியது.

"ஆராய்ச்சியா?" என்றார் தணிகாசலம், புத்தகம் எடுத்துத் தரும் குமாஸ்தா.

"ஆமா சார்."

கும்மிடிப்பூண்டி ரயிலில் கூட வரும் கல்லூரிப் பெண் ரத்னாவிடம் கெஞ்சி வாங்கிய நூலகச் சீட்டை நீட்டினாள். போன தடவை சீட்டு இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று அந்தப் படம் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை.

"பழவேற்காடு மீன்காரங்களப் பத்தி சார். அறுவத்தி நாலுல ஒரு டீச்சரம்மா வந்து எழுதினது."

தணிகாசலம் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார். "டைப் அடிச்ச ஆராய்ச்சி, ஒரே காப்பிதான். இங்கியே குந்தினு பாரு. பக்கத்த அறுக்குற வேலையெல்லாம் வச்சிக்காத. படிச்ச புள்ளைங்கதான் இங்க பெரிய திருடனுங்க."

சந்திரகலா எழுத்துப் பக்கமே போகவில்லை. படம் ஒட்டிய தாள்களை மட்டும் தேடிப் புரட்டினாள். தோணி, வலை, காயும் கருவாடு. அப்புறம் இறால் கூடையோடு ஒரு பெண், சிரிப்பை அடக்க மாட்டாமல்.

"கீழ இங்கிலீசுல இன்னா சார் போட்டிருக்குது?"

அவர் எட்டிப் பார்த்தார். "மீனவப் பெண்."

"பேரு போடலியா?"

"பேரு எதுக்கு? நல்லா பண்ண போ நீ ஆராய்ச்சி!" சிரித்துக்கொண்டே அலமாரிப் பக்கம் போனார்.

பிளேடு வெளியே வந்தது. இரண்டு ஓரம் அறுத்தாயிற்று. மூன்றாவதில், அந்தப் பெண்ணின் தோளில் பட்டுவிடும் போலிருந்தது. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

பிளேடு இருந்த கையை யாரோ பிடித்தார்கள்.

"சொல்லிட்டுதானே போனேன்!" தணிகாசலம் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போலீசக் கூப்புடவா? யாரோ ஒரு மீன்காரி படம், இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற நீ?"

சந்திரகலா பிளேடைக் கீழே போட்டாள். படத்தின் மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"என் தங்கச்சி எங்கம்மா மூஞ்சியப் பார்த்ததேயில்ல சார்."