கூட வந்த மாமியார்

திணறும் லேப்டாப்பைப் பழுது பார்க்க அவன் கிளம்பியபோது, மாமியாரும் செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரே வீட்டில் இருந்தும் அவனோடு சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவர்.

கடைக்காரப் பெண் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள். “கேம்ல தானா குறி பார்த்துச் சுடுற இலவச டூல் இருக்கு சார். அதுக்குள்ள வேவு மென்பொருள். விளையாடுறவங்களைக் கேமராவுல படம் எடுத்து வெளியே அனுப்பியிருக்கு. பாஸ்வேர்டையெல்லாம் உடனே மாத்துங்க.”

அவன் முன்னால் குனிந்தான். “அந்தப் படமெல்லாம் இதுலயும் இருக்கா?”

“நானூறு இருக்கு. எடுத்துத் தரவா, அழிக்கவா?”

“அழிச்சிடுங்க. விளையாட மாட்டேன்னு மனைவிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பார்த்தா வீட்டை விட்டே துரத்திடுவா.” சொன்ன பிறகுதான் அவளுடைய அம்மா பக்கத்தில் நிற்பது உறைத்தது.

“ஆமா, அழிச்சிடும்மா,” என்றார் மாமியார். “எதுக்கு வீண் சண்டை? என் பொண்ணுக்குத் தெரியவே வேண்டாம்.”

அவனுக்குக் கண் கலங்கியது. “உங்களைத் தப்பா நினைச்சிட்டேன் அத்தை. ஒரே ஒரு நாள்தான் விளையாடினேன், போன ஞாயிற்றுக்கிழமை.”

“டூல் போட்டு மூணு மாசம் ஆச்சே சார்,” என்று கடைக்காரப் பெண் திரையைத் திருப்பினாள்.

அவன் இருந்தது மூன்று படங்களில். மற்ற எல்லாவற்றிலும் ஹெட்ஃபோன் மாட்டி, நாக்கைத் துருத்தியபடி சுட்டுக்கொண்டிருந்தார் மாமியார்.

“அப்பவே அழிக்கச் சொன்னேன்ல மாப்பிள்ளை,” என்றார்.