இருநூற்று எண்பத்திரண்டு டிகிரி

"கை ஏம்மா இப்படி நடுங்குது? சிந்திராத!" பேராசிரியர் ஞானதுரை அடிக்குரலில் அதட்டினார்.

ஆராய்ச்சி மாணவி மாரிசெல்வி சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணத்தை மூடி போட்டு அழுத்தி, சூடேற்றும் மெஷினுக்குள் இறக்கினாள்.

"இதென்ன, எலி கடிச்ச மாதிரி மூலை கிழிஞ்ச சோத்துப் பொட்டலம்? லேப்லயா கொண்டாந்து வைக்கிறது? வந்திருக்கவரு பார்த்தா என்ன நினைப்பாரு? எடுத்துப் பையில போடு."

வந்திருந்தவர் சென்னை நிபுணர் வைகுண்டராஜ். ஞானதுரையின் ஆய்வுக் கட்டுரை ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி உலகமெல்லாம் சுற்றி, இப்போது சந்தேகத்தோடு வீடு திரும்பியிருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய அலுமினியக் கலவை ரிப்பனில் அணுக்கள் வரிசையில்லாமல் கலைந்து கிடக்கும். சூடேற்றினால் ஒரு கட்டத்தில் வரிசைக்கு வந்து படிகமாகிவிடும். அப்போது வெளிவரும் வெப்பத்தால் திரையில் கோடு மேடாக எழும். இருநூற்று எண்பத்திரண்டு டிகிரி வரை தன் ரிப்பன் தாங்கும் என்று எழுதியிருந்தார் ஞானதுரை. வேறு எந்த ஊரிலும் அது யாருக்கும் தாங்கவில்லை.

இன்று அந்த டிகிரியில் மேடு எழாவிட்டால் கட்டுரை போகும், துறைத்தலைவர் நாற்காலி போகும், மானம் கப்பலேறும்.

மாரிசெல்வி மூன்று வருஷமாகச் செய்து பார்த்தும் இருநூற்றுப் பத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் "உன் கை சரியில்ல" என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. "நாளைக்கு மேடு வரலைன்னா உன் ஊரு மம்சாபுரத்துக்கே பஸ் ஏறிரு" என்று நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

"முக்கால் மணி நேரம் ஓடும் சார். கேன்டீன்ல ஒரு காபி சாப்பிட்டுருவோம். நீயும் வாம்மா."

ஞானதுரை லேப்பைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து, "பிரின்சிபால் கூப்பிடுதாரு, செத்த நேரத்துல வாரேன்" என்று எழுந்து, நேராக லேப்புக்கு ஓடினார்.

திரையைக் குனிந்து பார்த்தார். முந்நூறு டிகிரியைத் தாண்டியும் கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாக இருநூற்றுப் பத்திலாவது ஒரு மேடு வரும். இன்று அதுவும் இல்லை.

பாவி மக, ரிப்பனை எந்தச் சூட்டிலாவது காட்டி முன்னாலேயே படிகமாக்கித் தொலைத்துவிட்டாளா? படிகமாகக் கிடப்பதை என்ன சூடு பண்ணினாலும் மேடு எழாதே!

யோசிக்க நேரமில்லை. போன வருஷத்து ஃபைலைத் திறந்து தேதியை மாற்றினார். அதிலிருந்த மேடும் மெஷின் போட்டதல்ல, அவரே எண்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தது. பிரிண்டரிலிருந்து தாளை உருவிக்கொண்டு, திரையை அணைத்தார்.

இருவரும் திரும்பி வந்தார்கள். வைகுண்டராஜ் தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரம் பார்த்தார்.

"அழகா வந்திருக்கே! இருநூத்தி எண்பத்திரண்டு. உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டோம், மன்னிக்கணும்" என்று நிபுணர் கை நீட்டினார்.

ஞானதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு தாராள மனசும் வந்தது.

"அம்புட்டும் இந்தப் புள்ளையோட உழைப்பு சார். இன்னைக்குத்தான் கை சுத்தமா செஞ்சிருக்கா."

"அப்படியா? சாம்பிளை நீங்கதான் வச்சீங்களாம்மா?"

மாரிசெல்வி தன் பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே ரிப்பன், துளிகூட வெட்டப்படாமல் முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில் சோற்றுப் பொட்டலத்தை வைத்து, கிழிந்த மூலையை அவர் பக்கம் திருப்பினாள். இப்போது அவள் கை நடுங்கவில்லை.

"மெஷின்ல வச்சது, என் புளிச்சோறு கட்டுன அலுமினிய ஃபாயில் சார்."