மஞ்சுளாவுக்குத் தெரிந்த தேசம்

சங்ககிரி லாரிப்பேட்டை டீக்கடையில் புது டிரைவர் ஈஸ்வர், தான் போய்வந்த ஊர்களின் அதிசயங்களை அளந்துகொண்டிருந்தான்.

"ராஜஸ்தான்ல ஒரு புல்லட் வண்டிக்குக் கோயில் கட்டிக் கும்பிடறாங்கக்கா!"

"தெரியுஞ் சாமி. அந்த ரோட்டுல போற டிரைவருங்க நின்னு கும்பிட்டுட்டுத்தான் போவாங்களாமா," என்றாள் டீ ஆற்றிக்கொண்டிருந்த மஞ்சுளா.

"மகாராஷ்டிராவுல ஒரு ஊர்ல ஊட்டுக்குக் கதவே கெடையாது!"

"அதுவுந் தெரியும். நாகாலாந்துல ஒரு ஊட்டுக்கு நடுவாலயே நாட்டு எல்லை போகுது. பாதி ஊடு நம்முளுது, பாதி பர்மாவுது. அது தெரியுமா உனக்கு?"

ஈஸ்வர் அசந்துபோனான். "எத்தனை வருசமுங்கக்கா லாரியில சுத்துனீங்க?"

"நானா? ஈரோட்டைத் தாண்டுனதில்ல. நீ கடைசியா எங்க போயிட்டு வாரே?"

"மேகாலயாங்கக்கா."

மஞ்சுளா கையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து நைந்த போட்டோ ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எங்கூட்டுக்காரரு, சாமி. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால அஸ்ஸாமுக்கு லோடு ஏத்திட்டுப் போனாரு. லாரி மட்டுந்தான் கெடைச்சுது. அந்தப் பக்கம் எங்காச்சும் பாத்தியா?"

ஈஸ்வர் போட்டோவையே வெகுநேரம் பார்த்தான்.

"இல்லீங்கக்கா."

அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

"அங்க... மரத்து வேரையே பின்னிப் பாலமா வளத்தறாங்கக்கா."

"இப்படித்தான் சாமி, இல்லைன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் அந்த ஊரு அதிசயம் ஒண்ணைச் சொல்லிட்டுப் போறாங்க," என்றபடி மஞ்சுளா போட்டோவை வாங்கிக்கொண்டாள். "பாதி தேசம் தெரிஞ்சுபோச்சு. இன்னும் பாதி இருக்குதில்ல?"