ஐந்தாவது கியரில் ஓர் ஊளை

“மறுபடியும் சத்தம் வருது, ஆர்லன்!”

வண்டியை ஷெட் வாசலில் நிறுத்திய ஷெல்பி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டாள்.

“எங்க?” என்றார் ஆர்லன்.

“வேற எங்க? கியர்பாக்ஸ்லதான். முதல் கியர் போட்டா சம்மட்டியால அடிச்ச மாதிரி ‘டங்’குங்குது. அஞ்சாவதுக்குப் போனா ஒரே ஊளை. நல்லா என் தலையில கட்டினீங்க!”

சமையலறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அதையும் மீறி அவர் மனைவி மார்லிஸின் குரல் கேட்டது.

“வந்துட்டாளா? வித்த மாட்டுக்கு வாரா வாரம் வைத்தியம் பாக்கிற ஆள் விஸ்கான்சின்லயே நீ ஒருத்தன்தான்யா!”

ஆர்லன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியருகே வந்தார். நாற்பது வருஷமாக அந்தக் குரலுக்குப் பதில் பேசி ஜெயித்ததில்லை. அவர் கண்ணெல்லாம் வண்டிமேல்தான் இருந்தது.

மெரூன் நிறக் குரூசர் பைக். போன அக்டோபர்வரை அவருடையது. ஏரிக்கரை ரோட்டில் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கும் ஒரு கீறலோடு சரி. அவருக்குத்தான் காறை எலும்பு முறிந்தது.

“வண்டியா, நானா?” என்று ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே கேட்டாள் மார்லிஸ்.

இரண்டாவது தடவை கேட்கிற ரகம் இல்லை அவள். ஷெல்பிக்கு விற்றுவிட்டார்.

விற்ற பிறகுதான் தெரிந்தது, அது எவ்வளவு பெரிய வண்டி என்று. ஷெட்டில் அது நின்ற இடத்தில் புல்வெட்டும் மெஷினை நிறுத்திப் பார்த்தார். இடம் நிறையவே இல்லை. ஏப்ரல் மழை பனி உருகுவதற்காக ரோட்டில் தூவியிருந்த உப்பையெல்லாம் கழுவித் தள்ளியதும், ஊரே வண்டியை வெளியே எடுத்துவிட்டது. எங்கேயோ ஒரு குரூசர் போகிற சத்தம் கேட்டால் போதும், வாய்க்குப் போன ஸ்பூன் பாதியில் நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஷெல்பி முதல் தடவை ‘சத்தம்’ என்று வந்து நின்றாள்.

‘அது அப்படித்தாம்மா, இந்த ரக வண்டியோட குரலே அதுதான்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

“ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கூத்து. நல்ல கியர் ஆயிலை வடித்துவிட்டு நல்ல கியர் ஆயிலையே ஊற்றுவார். இறுக்கமாக இருக்கும் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அப்புறம் ‘சோதனை ஓட்டம்’.

இன்றும் அதே கதைதான். முதல் கியர் ‘டங்’ என்று விழுந்தபோது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சோளக்காட்டைத் தாண்டி, ஐந்தாவதில் அந்த ஊளை எழுந்தது. ஆகா, என்ன சுகம்! எதிரே வந்த வண்டிக்காரர், பைக் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் வைக்கும் வணக்கமாக, இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டினார். ஆர்லனும் காட்டினார்.

காட்டிய பிறகுதான் உறைத்தது. அந்த ஆள் நம்மையும் வண்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு போகிறான். இதுவோ இரவல். அதுவும் பொய் சொல்லி வாங்கிய இரவல். பாவம், அந்தப் பெண் வாராவாரம் தன் லீவு நாளைத் தொலைத்துவிட்டு, ஷெட்டில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் இதுதான் கடைசி ஓட்டம். அது தெரிந்துதான், திரும்பி வரும்போது ஏரியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“என்ன, சரியாச்சா?” என்று எழுந்து வந்தாள் ஷெல்பி.

“ஒண்ணு சொல்லணும். திட்டுறதுன்னா திட்டிக்க.”

“சொல்லுங்க.”

“வண்டியில ஒரு கோளாறும் இல்ல. இந்த ரகமே முதல் கியர்ல இடிக்கும், அஞ்சாவதுல ஊளையிடும். நீ முதல் நாள் வந்தப்பவே எனக்குத் தெரியும். ஓட்டுற ஆசையில மறைச்சுட்டேன். இனிமே வராதே. உன் சனிக்கிழமையை நான் திருடினது போதும்.”

சாவியை நீட்டினார். நீட்டினாரே ஒழிய, விரல் அதை விடுவதாக இல்லை.

ஷெல்பி வாங்கிக்கொள்ளவில்லை. சிரித்தாள்.

“எனக்கும் தெரியுமே.”

“என்ன தெரியும்?”

“பெரியவரே, மில்வாக்கில பைக் ஃபாக்டரில, கியர்பாக்ஸ் பூட்டுற இடத்துல வருஷக்கணக்கா வேலை பாத்தவ நான். இந்த ‘டங்’கை என்கிட்டயே விளக்குறீங்களா?”

ஆர்லனுக்குக் கோபமே வந்துவிட்டது.

“அப்புறம் எதுக்கு வாரா வாரம் வந்து வாசல்ல நின்னு என் மானத்தை வாங்குறே?”

ஷெல்பி, சாத்தியிருந்த சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. வீட்டுலயே வண்டி நின்னா அவங்களுக்குத் தூக்கம் வராதாம். ஆனா நீங்க அந்த காலி ஷெட்டுல போய் உக்காந்திருக்கறதையும் பாக்க முடியலையாம். வாரத்துல ஒரு அரைமணி நேரம்னா நெஞ்சு தாங்கும்னாங்க. முதல் நாள்லேர்ந்து வெள்ளிக்கிழமை ஆனா மார்லிஸ்கிட்டேருந்து எனக்கு போன் வந்துடும், ‘நாளைக்கு நல்ல வெயிலாம் ஷெல்பி. வண்டியில இன்னும் சத்தம் எதுவும் வரலையா?’ன்னு.”