தஷ்தந்தி

தொலைபேசி அடித்தபோது, திரையில் எண்கள் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“புருல்சா, ரத்தம் குடுக்கறவங்க பட்டியல் திறக்கவே மாட்டேங்குது,” என்றாள் கீழ்த்தளத்து ரத்த வங்கி நர்ஸ் குல்சினாத். “தியேட்டர்ல ஒரு பொண்ணு ரத்தம் நிக்காம கிடக்கா. கிடைக்காத குரூப்பு. யாரைக் கூப்பிடறதுன்னு அதுலதானே இருக்கு. கொஞ்சம் பாரேன்.”

புருல்சா ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தாள்.

சர்வர் அறையில் இருப்பது ஒரே பெரிய எந்திரம்தான். உள்ளுக்குள் அதை நான்காகப் பிரித்து, நான்கு தனிக் கணினிகளாக ஓடவிட்டிருந்தார் அவளோடு வேலை பார்க்கும் தாலாய் அண்ணன். காலையில் சாவு வீட்டுக்காக நாரின் மலைப்பக்கம் கிளம்பியவர், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

“நாலுல ஒண்ணு சும்மா கிடக்கு. பாத்தா உனக்கே தெரியும். அதைத் துடைச்சிட்டு நெட்வொர்க் வழியா புதுசா ஏத்திடு.”

நான்குக்கும் அவர் வைத்த பெயர்கள் அல்தின், குமுஷ், பெர்மெத், தஷ்தந்தி. தங்கம், வெள்ளி, முத்து, குப்பை. எதைத் துடைப்பது என்று இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

குப்பையை நிறுத்தினாள். டிஸ்கிலிருந்து வேண்டாம், நெட்வொர்க்கிலிருந்து எழுந்திரு என்று மெனுவில் மாற்றினாள். முகவரிகளைக் கொடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பிங் அனுப்பிப் பார்த்து, எண்டரைத் தட்டினாள்.

புதிய இயங்குதளம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி முடிந்தால் அது யாரையும் ஒரு வார்த்தை கேட்காது. டிஸ்கைத் துடைத்துவிட்டுத்தான் மறு வேலை. அப்படித்தான் அவளே எழுதி வைத்திருந்தாள். ரத்தப் பட்டியல் இருப்பது அந்த டிஸ்கில்தான்; அதற்கு நகல் எடுத்துப் பதினோரு மாதமாகிறது.

மலைப்பக்கத்தில், பிள்ளை தங்காத வீட்டில் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். குப்பை என்று கூப்பிட்டால் கண் படாது, சாவும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும் என்று. அந்தப் பட்டியல் ஏற்கெனவே இரண்டு முறை அழிந்து பிழைத்தது. அதற்காக ஒரு மனுஷன் எந்திரத்துக்குமா வைப்பார்? வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நிறுத்தும்படி கட்டளை கொடுத்தாள். காத்திருக்கவும் என்றது திரை. எழுபது சதவீதம். எண்பது.

நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குவதுதான் வழி. அது எந்திரம் மாட்டியிருந்த ரேக்குக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்தது.

மண்டியிட்டாள். குனிய முடியவில்லை. மூச்சு முட்டியது. ஒருக்களித்துச் சரிந்து, ரேக்கின் இரும்பு விலாவில் இடிக்க இடிக்கக் கையை நுழைத்து, அகப்பட்டதைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

தொண்ணூற்று நான்கில் எண் நின்றது.

எழுந்திருக்கவே நேரம் பிடித்தது. அணைத்து, ஒயரை மறுபடி செருகி, பழையபடி டிஸ்கிலிருந்தே எழுப்பினாள். கடவுச்சொல்லை மூன்று தரம் தப்பாக அடித்தாள்.

“வந்துருச்சு,” என்றாள் குல்சினாத். “நம்பர் கிடைச்சுது. ஒருத்தர் கிளம்பிட்டாராம்.”

தாலாய் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதில் மாமியாரைக் கூப்பிட்டாள்.

“அத்தை, நேத்து நீங்க சொன்ன பேரு வேண்டாம். குப்பைன்னு கூப்பிட்டா யாராவது தெரியாம தூக்கிப் போட்டுருவாங்க. நல்ல பேரா ஒண்ணு வைப்போம்.”



“முன்ன ரெண்டுக்கும் நல்ல பேராத்தானேம்மா எடுத்து வச்சிருந்தோம்,” என்றாள் மாமியார்.

புருல்சா போனை வைத்தாள். அவளுக்குப் பயம் இன்னும் விடவில்லை. ஏழு மாத வயிற்றில், ரேக் இடித்த இடத்தில் கையை வைத்து, உள்ளே அசைவு தெரிகிறதா என்று காத்திருந்தாள்.